"திருப்புளிய எடுடா": பெயர் வைக்க முடியாத நட்புக்கு ஓர் இண்டி ராக் பாட்டு செய்வது எப்படி?

"அவர் உனக்கு யார்?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத நட்புகள் உண்டு. நாற்பது வயது வித்தியாசம் உள்ள இருவர், காதலர்களாக இல்லாமலேயே கடைசிவரை ஒரே வீட்டில் வாழ முடிவெடுத்த இருவர், ஆண் இப்படி, பெண் இப்படி என்று பிறர் எழுதிவைத்த இலக்கணத்துக்குள் வராத ஒருவரும் அவருக்குத் துணையாக நிற்கும் இன்னொருவரும் என இதற்குப் பல முகங்கள். அத்தகைய நட்பைக் கொண்டாடும் இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், கிட்டாரை முன்வைத்துச் செய்யும் ராக்) பாட்டு ஒன்றை, முதல் வரியில் தொடங்கி வெளியீடு வரை, எப்படிச் செய்வது என்று இந்த வழிகாட்டி சொல்கிறது. கிட்டாரில் நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி) பிடிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு கணினி, இரண்டு மைக், கூடவே மூன்று நான்கு பேர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன: அவை வாதாடத் தொடங்கிவிடுகின்றன. "ஊர் என்ன சொன்னாலும்" என்று ஆரம்பித்துவிட்டால், மூன்று நிமிடமும் ஊருக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். நண்பர்கள் இருவரும் சாட்சிக் கூண்டில் நிற்பார்கள், பாட்டின் நாயகன் ஊராகிவிடும். கொண்டாடுகிறவருக்கு நியாயம் கேட்கும் அவசியம் இல்லை. வரிகள், கார்டுகள், ஒலிப்பதிவு, மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சமன்செய்து கலப்பது) என்று கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து வருபவை.

பொருளையும் வேலையையும் கண்டுபிடித்தல்

முதல் நாள் கிட்டாரைத் தொடவேண்டாம். எந்த நட்பைப் பாடப்போகிறீர்களோ, அந்த இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையையும், அந்த வேலையில் கைக்குக் கை மாறும் ஒரு பொருளையும் தாளில் எழுதுங்கள். உணர்ச்சிகளை எழுதவேண்டாம்; அவை தாமாகவே வந்துசேரும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவரும் இருபது வயது இளைஞன் ஒருவனும் இரவில் உட்கார்ந்து பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சரிசெய்கிறார்கள். அவர்களுக்குள் உறவும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. ரேடியோ மட்டும் உண்டு. "வயதைக் கடந்த அன்பு" என்று இதை எழுதினால் வாழ்த்து அட்டை கிடைக்கும். அந்த மேசையை எழுதினால் பாட்டு கிடைக்கும்:

மேசை முழுக்க ரேடியோ குடலு
மேல தொங்குது மஞ்ச பல்பு
அறுபத்தொண்ணு அவங்க வயசு
அரை மீசைதான் எனக்கின்னும்

மோனைக்காக நான் பெரிதாக மெனக்கெடவில்லை. மேசை, மேல என்றும் அறுபத்தொண்ணு, அரை என்றும் தானாகவே அமைந்தது. அமையாத இடத்தில் வலிந்து அமைக்காதீர்கள். ராக் பாட்டின் சரணம் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும், யாரும் வாயால் சொல்லாத சொல் ஒன்று நடுவில் வந்தால் பாடுகிறவரின் குரலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நம் மொழியில் ஒருவரை அழைத்த மாத்திரத்தில் உறவும் தீர்மானமாகிவிடுகிறது. "அக்கா" என்றாலோ "பாட்டி" என்றாலோ, எந்தக் கட்டத்துக்குள் அடங்காத நட்பைப் பாட வந்தோமோ அந்தக் கட்டத்தை நாமே போட்டுக்கொடுத்துவிடுகிறோம். "நீ" என்று இறங்கினால் அந்த இளைஞன் உண்மையில் பேசுகிற விதம் பொய்யாகிறது. எனவே விளிச்சொல்லே இல்லாமல், அவன் "அவங்க" என்றும் அவர் "டா" என்றும் பேசும்படி விட்டுவிட்டேன். மரியாதை ஒரு பக்கமும் உரிமை ஒரு பக்கமுமாகச் சாய்ந்து நிற்கும் அந்தச் சமமின்மையிலேயே நட்பு கேட்கிறது:

யாருன்னு கேட்டா சிரிப்பாங்க
திருப்புளிய எடுடாம்பாங்க

இதுதான் கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி; திருப்புளி என்பது ஸ்க்ரூடிரைவர். கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்வதே பதில். கடைசிக் கோரஸில் மட்டும் வேலை கைமாறுகிறது:

யாருன்னு கேட்டா சிரிப்பேன்
திருப்புளிய எடுங்கம்பேன்

விகுதிகளை மாற்றியதிலேயே இத்தனை ஆண்டு கற்றலும் வந்துவிடுகிறது. இப்படிக் கடைசியில் திருப்பிப் போடக்கூடிய வரி ஒன்று கிடைக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். இதற்கு இரண்டு வாரம் ஆனாலும் நட்டமில்லை.

எழுதியதை அந்த நண்பரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். இந்த வகை நட்புகளில் வெளியே தெரிந்தால் ஒருவருக்கு இடைஞ்சலோ ஆபத்தோ தரக்கூடிய விவரங்கள் இருக்கலாம். ஒலிப்பதிவு முடிந்த பின் கேட்கப்படும் அனுமதிக்கு அர்த்தம் குறைவு, ஏனெனில் உழைப்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டே பலர் சரி என்றுவிடுவார்கள். வயதையும் தொழிலையும் இடத்தையும் மாற்றுங்கள், அந்தப் பொருளை மட்டும் மாற்றாதீர்கள்.

மெட்டும் குறில் நெடிலும்

வரிகளைத் தாளம் தட்டிக்கொண்டே சத்தமாகப் பேசிப் பாருங்கள். இசைக்காகக் குறிலை நீட்டினால் தமிழில் சொல்லே மாறிப்போகும்: "விடு" நீண்டால் "வீடு", "கலை" நீண்டால் "காலை". ஆங்கில ராக் மெட்டை முதலில் போட்டுவிட்டு அதற்குள் தமிழ்ச் சொற்களைத் திணிக்கிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். நீளும் சுரங்கள் நெடிலிலோ மெல்லின ஒற்றிலோ விழும்படி மெட்டை அமைப்பது பாதுகாப்பானது. மேலே உள்ள கோரஸில் யா, கேட், டா, பாங் ஆகிய அசைகள் பலமான தட்டுகளில் விழுகின்றன. அந்த "பாங்"கில் எவ்வளவு நேரம் நின்றாலும் பொருள் கெடாது. கூட்டமாகக் கத்திப் பாடவும் அது வசதி.

கோரஸ் மெட்டு ஐந்து சுரங்களுக்குள் அடங்கட்டும். பாடகரல்லாத நண்பர்களும் அதில் சேர்ந்து பாடப்போகிறார்கள்.

நகராத இரண்டு விரல்கள்

கார்டுகளுக்கு ஜி மேஜரை எடுத்துக்கொள்வோம். மோதிர விரலையும் சுண்டு விரலையும் இரண்டாவது, முதலாவது தந்திகளின் (மெல்லிய தந்திதான் முதலாவது) மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) வையுங்கள். ஓர் இடம் தவிர, பாட்டு முழுவதும் அவை அங்கேயே இருக்கும். மற்ற இரண்டு விரல்கள் மட்டும் இடம் மாறி ஜி, இ மைனர் 7, சி ஆட் 9, டி சஸ் 4 என்ற நான்கு கார்டுகளையும் பிடிக்கும். தடித்த தந்தியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தந்தியிலும் அழுத்தவேண்டிய ஃப்ரெட்டின் எண்ணை (0 என்றால் அழுத்தாத தந்தி) வரிசையாக எழுதினால், ஜிக்கு 320033. இ மைனர் 7க்கு 022033. சி ஆட் 9க்குத் தடித்த ஆறாவது தந்தியைத் தவிர்த்து 32033. டி சஸ் 4க்கு மெல்லிய நான்கு தந்திகளில் 0233.

கீழே கார்டு மாறிக்கொண்டே இருக்க, மேலே டி, ஜி என்ற இரண்டு சுரங்கள் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இண்டி ராக்கில் நாம் அடிக்கடி கேட்கும் அந்த மணியோசை போன்ற மினுமினுப்பு பெரும்பாலும் இப்படி நிலைத்திருக்கும் சுரங்களிலிருந்தே வருகிறது. நம் பாட்டுக்கு இது இரட்டைப் பொருத்தம், ஆனால் அதைக் கேட்பவருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

பிரிட்ஜில் (கடைசிக் கோரஸுக்கு முன் வரும் மாறுபட்ட பகுதி) மட்டும் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டு ஏ மைனருக்குப் போங்கள். ஏ, சி, இ என்ற அந்தக் கார்டில் டியும் இல்லை, ஜியும் இல்லை. ஒன்றரை நிமிடம் காதில் இருந்துகொண்டே இருந்த ஒன்று திடீரென்று காணாமல் போகும். "ரேடியோ பேசுது, நாங்க பேசல" என்ற ஒற்றை வரியை அங்கே வைத்து, டிரம்ஸை நிறுத்தி, கடைசிக் கோரஸில் அந்த இரு சுரங்களையும் திரும்பக் கொண்டுவந்தால், எதற்காக நெகிழ்கிறோம் என்று தெரியாமலே கேட்பவர் நெகிழ்வார்.

வேகம் நிமிடத்துக்கு 132 தட்டுகள். அறிமுகம் 4 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), முதல் சரணம் 16, கோரஸ் 8, இரண்டாம் சரணம் 16, கோரஸ் 8, பிரிட்ஜ் 8, கடைசிக் கோரஸ் 16, முடிவு 4 என்றால் மொத்தம் 80 பார். நான்கு தட்டுத் தாளத்தில் இது 2 நிமிடம் 25 விநாடிக்கு வரும். பல்லவியில் தொடங்கும் பாட்டுகளில் ஊறிய நம் காதுக்கு, சரணத்தில் தொடங்கிக் கோரஸுக்காகக் காத்திருப்பது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். கோரஸைத் தூக்கி முன்னால் போடும் ஆசை வரும், போடாதீர்கள். மேசையையும் மஞ்சள் பல்பையும் பார்த்த பிறகுதான் திருப்புளிக்கு வேலை.

வாத்தியங்களைப் பிரித்தல்

இரண்டு கிட்டார்களும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடாது. ஒன்று மேற்சொன்ன கார்டுகளைக் கீழ்நோக்கிய அடிகளாக மட்டும், எட்டில் ஒரு பங்குச் சுரங்களாக (தட்டுக்கு இரண்டு), பிடிவாதமாக அடித்துக்கொண்டே போகட்டும். மற்றது பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு அருகில் தனிச் சுரங்களாகப் பேசட்டும். இரண்டையும் ஒரே ஆள் வாசிப்பதைவிட, இயல்பிலேயே வேறு வேறு கைப்பழக்கம் உள்ள இருவர் வாசிப்பது நல்லது. மாறுபாடு நடிப்பாக இல்லாமல் உண்மையாக இருக்கும்.

பேஸ் சரணத்தில் அடிச்சுரத்தை மட்டும் பிடித்துக் கிக் டிரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒட்டிப் போனால் போதும், கோரஸில் நகரலாம். ஸ்நேர் டிரம் இரண்டாம், நான்காம் தட்டுகளில். சரணத்தில் மூடிய ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளத்தட்டு), கோரஸில் பாதி திறந்தது. டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் கணினியில் அமைப்பதாக இருந்தால், எல்லா அடிகளையும் ஒரே பலத்தில் வைக்காதீர்கள். ஹை-ஹாட்டின் பலத்தை ஒன்றுவிட்டு ஒன்று குறைத்தாலே பாதி இயந்திரத்தனம் போய்விடும்.

அறிமுகத்தின் 4 பாருக்கு ஓர் உண்மையான ரேடியோவின் இரைச்சலைப் பதிவுசெய்து வைக்கலாம். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட வெறும் இரைச்சலை மட்டும் எடுங்கள். ஒலிபரப்பாகும் பேச்சோ பாட்டோ ஒரு விநாடி நுழைந்தாலும் அது பிறர் உரிமை.

ஒலிப்பதிவு

கையடக்கமான நான்கு தட (தனித்தனியே பதிவாகும் நான்கு டிராக்) ஒலிநாடாப் பதிவுக்கருவியான போர்ட்டாஸ்டுடியோவை 1979இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த பிறகு, ஸ்டுடியோவுக்குப் போக வழியில்லாதவர்கள் படுக்கையறையிலேயே பாட்டு செய்யத் தொடங்கினார்கள். நான்கே தடம் என்பதால் எது தேவை, எது அலங்காரம் என்று அவர்கள் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இன்று ரீப்பர், கராஜ்பேண்ட் போன்ற மென்பொருள்களில் நான்கைவிடப் பல மடங்கு தடங்களைத் திறக்கலாம். இருந்தாலும் முதல் மாதிரிப் பதிவை டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்ற நான்கு தடத்துக்குள் முடித்துப் பாருங்கள். அதிலேயே பாட்டு நிற்கவில்லை என்றால் நாற்பது தடம் போட்டாலும் நிற்காது.

உண்மையான பதிவுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் அடி இரைச்சல் மிகவும் தாழ்வாக இருப்பதால், சத்தத்தை உச்சிவரை ஏற்றிப் பதிவுசெய்யும் அவசியம் இல்லை. மிகச் சத்தமான இடம் மைனஸ் 10 டெசிபலுக்கு அருகில் நின்றால் போதும். கிட்டார் ஆம்ப்புக்கு 1965 முதல் சந்தையில் இருக்கும் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஏற்றது. ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே வைத்தால் ஒலி கூர்மையாகக் குத்தும், விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த மென்மையாகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்துவது, பிறகு மென்பொருளில் ஒரு மணி நேரம் திருகுவதற்குச் சமம். குரலுக்கு கண்டென்சர் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் திரை) வையுங்கள். அறையின் எதிரொலியைக் குறைக்கக் கனமான போர்வைகளும் துணி நிறைந்த அலமாரியும் உதவும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

டிரம்ஸ், பேஸ், முதல் கிட்டார் ஆகிய மூன்றையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவுசெய்வதையே நான் விரும்புவேன். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசியும், பின்னால் திருத்துவது கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் கோரஸுக்குள் நுழையும்போது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு மயிரிழை முந்துவது தனித்தனிப் பதிவில் வரவே வராது. நட்பைப் பற்றிய பாட்டில் அந்தக் கசிவை நான் குறையாக எண்ணமாட்டேன்.

முதன்மைக் குரலைச் சரணம் முழுவதும் ஒரே மூச்சாகப் பாட வைத்து ஐந்தாறு முறை பதிவுசெய்து, நல்ல வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கோரஸில் இரண்டாவது குரல் சேர்கிறது. நம் எடுத்துக்காட்டில் அது வயதான பெண்குரலாக இருந்தால் மிகவும் நல்லது. இளைஞன் பாடும் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலேயோ, அதே சுருதியிலோ அவர் பாடட்டும், இணை சுரங்கள் (ஹார்மனி) வேண்டாம். அழகாகக் கலக்கும் இரண்டு குரல்கள் சேர்ந்திசைக்குழுவை நினைவூட்டும். இரண்டும் தனித்தனியே கேட்டுக்கொண்டு, ஆனால் ஒரே சொல்லைச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

கடைசிக் கோரஸுக்குக் கூட்டுக்குரல். நான்கு பேர் ஒரு மைக்கைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி நின்று மூன்று முறை பாடினால் பன்னிரண்டு குரலாகும். ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கூட்டுக்குரலைப் பதிவுசெய்துவிட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து எல்லோருடைய சுருதியையும் தாளத்தையும் மென்பொருளில் நேராக்கினேன். காலையில் கேட்டபோது யாரோ விளம்பரத்துக்குப் பாடியது போல இருந்தது. ஒரு நண்பன் எப்போதும் அரைத்தட்டு முன்னதாகத் தொடங்குவான். அவனை நேராக்கியதும் அவன் அங்கே இல்லை. நல்லவேளையாக மூலப் பதிவை அழித்திருக்கவில்லை. முதன்மைக் குரலில் காதை உறுத்தும் ஓரிரு இடங்களைத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிக்ஸிங்

முதலில் எதையும் கூட்டாமல் கழியுங்கள். கிட்டார்களிலும் குரல்களிலும் சுமார் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் பேஸுக்கும் கிக்குக்கும் இடம் கிடைக்கும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு கிட்டாரும் குவிந்து சேறாவது வழக்கம், இரண்டில் ஒன்றிலாவது கொஞ்சம் குறையுங்கள். முதல் கிட்டாரை இடப்புறமும் இரண்டாவதை வலப்புறமும் முழுதாகத் தள்ளுங்கள். அகலம் வேண்டும் என்பதற்காக ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அது நடுவில்தான் கேட்கும். அகலத்துக்கு இரண்டாம் முறை வாசித்தாகவேண்டும்.

குரலுக்கு 4:1 விகிதத்தில் கம்ப்ரஷன் (உரத்த இடங்களைத் தாழ்த்திச் சமன்செய்வது), உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறையும் அளவுக்கு. எதிரொலியைச் சரணத்தில் மிகக் குறைவாக வையுங்கள், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் குகைக்குள்ளிருந்து பேசுவதில்லை. டிலே (ஒலி சற்றுத் தாமதித்துத் திரும்ப வருவது) வேண்டுமானால் வேகத்தோடு பொருத்துங்கள்: 132இல் ஒரு தட்டு ஏறக்குறைய 455 மில்லிவிநாடி, அரைத்தட்டு 227. இரண்டாம் குரலை முதல் குரலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பழக்கம் பல மிக்ஸ்களில் உண்டு. இந்தப் பாட்டில் அது கூடாது. ஒன்றைச் சற்றே இடமாகவும் மற்றதைச் சற்றே வலமாகவும் ஒரே சத்த அளவில் வையுங்கள்.

பிறகு மோனோவில் (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலியாக) ஒருமுறையும் கைபேசி ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேளுங்கள். "திருப்புளி" என்ற சொல் இரண்டிலும் தெளிவாகக் கேட்கவேண்டும், அது கேட்காவிட்டால் பாட்டே இல்லை.

மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகேற்றலில்) சத்தப் போட்டிக்கு இறங்கவேண்டாம். ஸ்பாட்டிஃபை இயல்பாகப் பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கச் செய்வதால், நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டு அங்கே தாழ்த்தப்பட்டு, நசுங்கல் மட்டுமே மிஞ்சும். உண்மை உச்சத்தை (ட்ரூ பீக், ஒலி அலை எட்டும் மிக உயர்ந்த அளவு) மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

பங்கும் வெளியீடும்

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு: வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, பதிவுசெய்யப்பட்ட ஒலி மற்றொன்று. இரண்டுக்கும் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டல் 100 வருகிறதா என்று பார்த்து, எல்லோரும் கையெழுத்திடுங்கள். "நமக்குள்ள எதுக்கு" என்று சிரிக்கிற நட்புகளுக்குத்தான் இந்தத் தாள் அதிகம் தேவை. வெளியிடும் பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறி வேண்டும். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோகச் சேவைகள் பெரும்பாலும் அதைத் தாங்களே ஒதுக்கித்தரும். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பாட்டு அங்கே சேர்ந்திருக்கவேண்டும் என்பதால், மூன்று நான்கு வாரம் முன்பே பதிவேற்றிவிடுவது நல்லது. கூட்டுக்குரலில் பாடியவர்களின் பெயர்களையும், அவரவர் விரும்பும் வடிவத்தில், விட்டுப்போகாமல் சேருங்கள். சிலர் தங்கள் பெயர் வேண்டாம் என்பார்கள், அதையும் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

வெளியீட்டுத் தேதியை மட்டும் இன்னும் குறிக்கவேண்டாம். மாஸ்டரிங் முடிந்த பதிவை, யாரைப் பற்றிய பாட்டோ அவரோடு உட்கார்ந்து, முடிந்தால் அவர் வேலை செய்யும் மேசையிலேயே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது அவருக்குச் சங்கடம். "அந்த ஒரு வரி வேணாமே" என்று அவர் சொன்னால், குரல் தடங்களைத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்துவைத்திருக்கும் பட்சத்தில், வேறு வரி பாடிச் சேர்க்க ஒரு மாலை போதும். தேதியை அதற்கு அடுத்த நாள் குறித்துக்கொள்ளலாம்.